துப்பாக்கிக் கட்டை செதுக்கிய கைகள்

இயந்திரம் வந்தால் கைத்தொழில் அழிந்துவிடுமா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் நம்மவர்கள் உடனே கைத்தறியைச் சொல்வார்கள். மான்செஸ்டர் ஆலைத் துணி வந்து நெசவாளர் வயிற்றில் அடித்த கதையைச் சொல்வார்கள். சரியான எடுத்துக்காட்டுதான். ஆனால், இதே கேள்விக்கு விடை தேட உதவும் இன்னொரு தொழிலும் வரலாற்றில் உண்டு. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. துப்பாக்கிக்கு மரக்கட்டை செதுக்கும் தொழில்தான் அது.

துப்பாக்கி என்றதும் இரும்புதான் நினைவுக்கு வரும். குண்டு பாயும் குழல் இரும்பு. விசைப்பொறி இரும்பு. அவையெல்லாம் கொல்லர் வேலை. ஆனால் மனித உடம்பில் படும் பகுதி பல நூற்றாண்டுகளாக மரமாகவே இருந்தது. தோளில் பதியும் பின்கட்டை, கன்னம் படியும் மேடு, கை பற்றும் கழுத்து, குழலைத் தாங்கும் முன்கட்டை ஆகிய எல்லாம் சேர்ந்து ஒரே மரத்துண்டில் செதுக்கப்பட்டவை. அந்தக் கட்டையில் ஒரு நேர்கோடு கிடையாது. முழு வட்டமும் கிடையாது. பம்பரம், கட்டில் கால், தொட்டில் கம்பு போன்ற உருண்டைப் பொருள்களைக் கடைசல் பட்டறையில் கடைந்து எடுத்துவிடலாம். ஓரிடத்தில் தட்டையாகவும், அடுத்த இடத்தில் முட்டை வடிவாகவும், அதற்கு அடுத்து வளைந்தும் போகிற ஒரு பொருளை எப்படிக் கடைவது? முடியாது என்றுதான் உலகம் நம்பியிருந்தது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தத் தொழிலைக் கண்டவர்கள் அரிது. இங்கே துப்பாக்கிச் சட்டங்கள் அவ்வளவு கடுமை. மலேசியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டுச் சட்டமும் எப்படிப்பட்டவை என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. சிங்கப்பூரில் தேசிய சேவைக்குப் போன அப்பாக்களும் பிள்ளைகளும் தூக்கிச் சுமந்தது எம்16 போன்ற பிளாஸ்டிக் கட்டைத் துப்பாக்கிகளைத்தான். ஆகவே மரக்கட்டை எப்படி உருவாகிறது என்பதை முதலில் விளக்கமாகப் பார்ப்பதே முறை.

மரமும் உளியும்

ஐரோப்பாவில் இதற்கு எடுத்த மரம் வால்நட். நாம் அக்ரூட் பருப்பு என்று வாங்கிச் சாப்பிடுகிறோமே, அந்தப் பருப்பைத் தரும் மரம். அமெரிக்காவில் அதன் உறவுமுறையான கறுப்பு வால்நட் தாராளமாக வளர்ந்தது. கனமில்லாத மரம், ஆனால் உறுதியானது. நன்றாகக் காய்ந்த பிறகு சுருங்குவதும் முறுக்கிக்கொள்வதும் குறைவு. உளி பட்டால் சிம்பு கிளம்பாமல் சுத்தமாக வெட்டுப்படும். சுடும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைக்குமே, அந்த உதையைத் தாங்கும்.

1700களில் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குக் குடியேறிய துப்பாக்கிக் கொல்லர்கள் லங்காஸ்டர் வட்டாரத்தில் பட்டறை போட்டார்கள். அவர்கள் விரும்பி எடுத்தது மேப்பிள் மரம். நாற்பது அங்குலத்துக்கும் மேல் நீளமான குழலும், ஒல்லியான மேப்பிள் கட்டையுமாக அவர்கள் செய்த ரைஃபிள்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அதில் ஒரு வித்தை உண்டு. நைட்ரிக் அமிலத்தில் இரும்பைக் கரைத்து, அந்த நீரை வெளுத்த மேப்பிள் கட்டையில் பூசி, நெருப்பருகே காட்டுவார்கள். மரத்துக்குள் ஒளிந்திருந்த அலையலையான இழைகள் புலித்தோல் வரிபோல எழுந்து வரும். சாயம் பூசி ஏமாற்றுகிற வேலை அல்ல அது. மரத்தில் ஏற்கெனவே இருப்பதை வெளியே கொண்டுவருகிற வேலை.

பலகை தேர்ந்தெடுப்பதே பாதி வேலை என்பார்கள். அடிமரமும் வேரும் சேரும் இடத்தில் ரேகைகள் மிக அழகாக இருக்கும், விலையும் அதிகம். ஆனால் அழகை மட்டும் பார்த்தால் கட்டை முறிந்துவிடும். கை பிடிக்கும் கழுத்துப் பகுதிதான் கட்டையிலேயே மெலிந்த இடம். அங்கே மரத்தின் இழை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால், உதையில் ஒரு நாள் அங்கேயே பிளந்துகொள்ளும். எனவே தேர்ந்த தச்சர் ரேகையை எல்லாம் பின்கட்டைக்குத் தள்ளி, கழுத்துக்கு நேரான இழை வருமாறு அச்சை வைத்து வரைவார். அதற்குமுன் அந்தப் பலகை ஆண்டுக்கணக்கில் நிழலில் அடுக்கி உலர்த்தப்பட்டிருக்கும்.

அடுத்து வருவதுதான் கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் வேலை. இரும்பு உறுப்புகள் உட்காருவதற்கு மரத்தில் பள்ளம் குடைய வேண்டும். குத்துமதிப்பாகக் குடைந்துவிட முடியாது. விளக்குப் புகைக்கரியை எண்ணெயில் குழைத்து இரும்பின் அடியில் மெல்லப் பூசுவார்கள். அதை மரத்தில் வைத்து அழுத்தி எடுத்தால், இரும்பு எங்கெங்கே முட்டுகிறதோ அங்கெல்லாம் கறுப்புப் புள்ளி விழும். அந்தப் புள்ளியை மட்டும் உளியால் சீவ வேண்டும். மறுபடி கரி பூசு, மறுபடி அழுத்து, மறுபடி சீவு. ஒரு கட்டைக்கு இப்படி எத்தனையோ தடவை. கடைசியில் இரும்பின் அடிப்பகுதி முழுவதும் ஒரே சீராகக் கறுப்பு படிய வேண்டும். ஏன் இவ்வளவு பாடு? நூலிழை இடைவெளி இருந்தாலும், ஒவ்வொரு முறை சுடும்போதும் இரும்பு மரத்தைச் சுத்தியல்போல அடிக்கும். நாளடைவில் கட்டை பிளக்கும், குறியும் தவறும்.

குடைந்தாயிற்று. அதன்பின் வெளி உருவம். இழுப்புக் கத்தி, அரம், சுரண்டு தகடு, உப்புத்தாள் என்று ஒவ்வொன்றாக வரும். இழைத்து முடித்த கட்டையை ஈரத்துணியால் துடைத்தால் மரத்தின் மயிரிழைகள் எழுந்து நிற்கும். அவற்றை மீண்டும் தேய்த்து எடுக்க வேண்டும். அப்புறம் ஆளிவிதை எண்ணெய். தூரிகை வேண்டாம், உள்ளங்கையே போதும். தேய்க்கத் தேய்க்கச் சூடு ஏறி எண்ணெய் மரத்துக்குள் இறங்கும். ஒரு நாள் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து, இப்படி வாரக்கணக்கில் போகும். கை வழுக்காமல் இருக்கப் பிடியில் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்கட்டக் கோடுகள் கீறுவதும் உண்டு. நல்ல வேலையில் ஓர் அங்குலத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட கோடுகள் இருக்கும். ஒரு கோடு பிசகினால் பக்கத்துக் கோடும் கெடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோல, ஒருவருக்கென்றே செய்யும் கட்டைக்கு ஆளை நிறுத்தி அளவெடுப்பார்கள். விசையிலிருந்து பின்கட்டை முனைவரை எவ்வளவு நீளம், பின்கட்டை எவ்வளவு தாழ வேண்டும், கண் குழலின் நேர்க்கோட்டுக்கு வர அது எந்தப் பக்கம் எவ்வளவு ஒதுங்க வேண்டும் என்று கணக்கிடுவார்கள். கழுத்து நீண்டவர், தோள் அகன்றவர், இடக்கைப் பழக்கமுள்ளவர் என்று ஆளுக்கு ஆள் இது மாறும். லண்டன் கடைகளில் இதற்கென்றே திருகாணிகளால் நீட்டவும் வளைக்கவும் கூடிய அளவுத் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார்கள்.

பட்டறையில் விட்ட சவால்

படைக்குத் துப்பாக்கி செய்வது வேறு கதை. அங்கே ஆளுக்கு அளவெடுக்க நேரமில்லை. ஆயிரக்கணக்கில் வேண்டும், சீக்கிரம் வேண்டும். அமெரிக்க அரசு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையை 1794இல் அமைத்தது. குழல் செய்வதற்கும் பொறி செய்வதற்கும் தண்ணீர்ச் சக்கரங்களின் உதவி கிடைத்தது. கட்டை மட்டும் ஒவ்வொன்றாக, உளிகொண்டு, கையால்தான்.

தாமஸ் பிளாஞ்சார்டு கதைக்குள் வருவது இங்கேதான். 1788இல் அதே மாநிலத்தில் சட்டன் என்ற ஊரில் பிறந்தவர். திக்கித் திக்கிப் பேசியதால் மந்தமான பிள்ளை என்று மற்றவர்கள் கருதிய சிறுவன். ஆனால் ஆப்பிள் தோல் சீவும் கருவியைச் சிறுவயதிலேயே செய்து காட்டினார். பிறகு சிறு ஆணிகள் அடிக்கும் இயந்திரத்தைச் செய்து, அதன் உரிமையை 5,000 டாலருக்கு விற்றார். பக்கத்து ஊரான மில்பரியில் அரசுக்குத் துப்பாக்கி செய்து கொடுத்துவந்த ஏசா வாட்டர்ஸ் ஒரு சிக்கலோடு அவரிடம் வந்தார். குழலைக் கடைசலில் கடைய முடிகிறது. ஆனால் பின்முனையில் உருண்டையாக இல்லாமல் தட்டை முகங்கள் இருப்பதால் அந்த இடத்தை மட்டும் கையால் அராவ வேண்டியிருக்கிறது, இதற்கு வழி உண்டா என்று கேட்டார். பிளாஞ்சார்டு வழி கண்டுபிடித்துக் கொடுத்தார். செய்தி ஸ்பிரிங்ஃபீல்டுக்கு எட்டியது. அந்த இயந்திரத்தைப் பொருத்த அவரை அங்கே அழைத்தார்கள்.

அதன்பின் நடந்ததை வாட்டர்ஸ் குடும்பத்தார் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்கள். இயந்திரம் ஓடுவதைப் பார்க்கத் தொழிலாளர்கள் கூடினார்களாம். குழல் அராவும் ஆள் தன் வேலை போயிற்று என்று முகம் வாடினாராம். பக்கத்தில் நின்ற கட்டைத் தச்சருக்கு மட்டும் கவலையே இல்லை. துப்பாக்கிக் கட்டையை இவரால் கடைய முடியாது, என் பிழைப்பில் கை வைக்க முடியாது என்று சவால்போலச் சொன்னாராம். பிளாஞ்சார்டோ, அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியாது, கொஞ்சம் யோசித்துப் பார்க்கிறேன் என்று பதில் சொல்லிவிட்டு வண்டியேறினார். வீடு திரும்பும் வழியில் பிரிம்ஃபீல்டு என்ற ஊரைக் கடக்கும்போது திடீரென்று, கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று கூவ, சாலையோரம் நின்றவர்கள் பைத்தியம் போகிறது என்று பேசிக்கொண்டார்களாம். சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையாக இருக்கலாம். ஆனால் கிடைத்தது என்னவோ உண்மை. 1819 செப்டம்பரில் அதற்குக் காப்புரிமை வாங்கினார்.

அவருக்குத் தோன்றிய வழி என்ன? சாவிக் கடையில் மாற்றுச் சாவி எடுக்கப் போகிறோம். கடைக்காரர் பழைய சாவியை ஒரு பக்கமும் வெற்றுச் சாவியை மறுபக்கமும் பொருத்துகிறார். ஒரு முனை பழைய சாவியின் பல்லைத் தடவிக்கொண்டே போக, அதன் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப வெட்டுச் சக்கரம் புதிய சாவியில் பல் வெட்டுகிறது. பிளாஞ்சார்டின் சிந்தனையும் இதேதான். துப்பாக்கிக் கட்டை ஒன்றின் வடிவத்தை இரும்பில் மாதிரியாகச் செய்து வைத்தார். மாதிரியும் முரட்டு மரத்துண்டும் ஒன்றாகச் சுழலும். ஒரு சக்கரம் மாதிரியின்மேல் உருண்டுகொண்டே வரும். அதே அளவுள்ள இன்னொரு சக்கரத்தில் கத்திகள் இருக்கும். மாதிரி எங்கே புடைக்கிறதோ அங்கே கத்திச் சக்கரம் விலகும். எங்கே ஒடுங்குகிறதோ அங்கே உள்ளே இறங்கும். கடைசல் இயந்திரத்துக்கு உருண்டை வடிவம் மட்டுமே தெரியும் என்ற எல்லை அன்றோடு போயிற்று.

வெளி உருவம் மட்டும் போதாது, உள்ளே பள்ளம் குடைய வேண்டுமே என்று கேட்கலாம். 1820களில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலைக்குள்ளேயே ஒப்பந்தக்காரராக அமர்ந்து, அதற்கும் ஒவ்வொன்றாக இயந்திரம் செய்தார். குழல் படியும் பள்ளத்துக்கு ஒன்று, பொறி உட்காரும் குழிக்கு ஒன்று, பின்தகடு பொருத்த ஒன்று என்று மொத்தம் 14 இயந்திரங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கட்டை கைமாறிக்கொண்டே போகும். முடிவில் கையால் செய்ய ஏறக்குறைய ஒன்றும் மிச்சமில்லை. அமெரிக்கத் தொழிற்கூடங்களைப் பார்க்க 1853இல் அங்கே போன ஆங்கிலப் பொறியாளர் ஜோசஃப் விட்வொர்த், ஒரு கட்டையில் இயந்திரங்கள் செய்யும் வேலை எல்லாம் சேர்ந்து 22 நிமிடம்தான் ஆகிறது என்று தம் அறிக்கையில் எழுதினார். முன்பு ஒரு தச்சர் நாள் முழுவதும் குனிந்து செய்த வேலை அது.

யாருக்கு என்ன கிடைத்தது?

தம் கண்டுபிடிப்பைப் பயன்படுத்தியதற்காக, செய்யப்பட்ட ஒவ்வொரு துப்பாக்கிக்கும் 9 சென்ட் உரிமைத் தொகை பிளாஞ்சார்டுக்குக் கிடைத்தது. தகுதியானவர், பெற்றார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த இரும்பு மாதிரிக்கு வடிவம் எங்கிருந்து வந்தது? தலைமுறை தலைமுறையாகத் தச்சர்கள் செதுக்கிச் செதுக்கிக் கண்டுகொண்ட வடிவம் அல்லவா? அவர்கள் கையின் அறிவுதான் இரும்பில் வார்க்கப்பட்டு, அவர்களுக்கே எதிராகச் சுழன்றது. அதற்கு யாரும் அவர்களுக்கு அரை சென்ட்கூடத் தரவில்லை. இயந்திரத்தைவிட இந்தக் கணக்குத்தான் பெரிய அநீதி. கணினியைப் பற்றிப் பேசுகிற இந்தக் காலத்திலும் கேட்க வேண்டிய கேள்வி இது.

வர்ஜீனியாவில் இருந்த இன்னோர் அரசு ஆயுதசாலையான ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் இது வேறு உருவத்தில் வெடித்தது. அங்கே வேலை செய்த கைவினைஞர்கள் உருப்படிக் கணக்கில் கூலி வாங்கியவர்கள். விரும்பிய நேரத்துக்கு வருவார்கள், செய்யவேண்டியதைச் செய்துவிட்டுப் போவார்கள். 1842இல் இராணுவ அதிகாரிகள் கடிகாரம் வைத்து, இத்தனை மணிக்கு வா, இத்தனை மணிக்குப் போ என்றார்கள். தொழிலாளர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டார்கள். அதோடு விடவில்லை, கால்வாய்ப் படகு ஒன்றை வாடகைக்குப் பிடித்து வாஷிங்டனுக்கே போய் அதிபர் ஜான் டைலரைப் பார்த்தார்கள். நாங்கள் சுதந்திரக் குடிமக்களா, இயந்திரத்தின் அடிமைகளா என்பதே அவர்கள் கேட்டதன் சாரம். அதிபர் மரியாதையாகப் பேசினார். வேலைக்குத் திரும்புங்கள் என்று சொல்லி அனுப்பினார். கடிகாரம்தான் வென்றது. தோட்டத்தில் பெரட்டுக்கு நின்ற பரம்பரைக்கு இந்தக் கடிகாரத்தின் வலி புதிதல்ல.

இதற்கு அடுத்த ஆண்டு, 1843இல், கவிஞர் லாங்ஃபெல்லோ புதுமணத் தம்பதியராக மனைவியோடு ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையைப் பார்க்க வந்தார். அடுக்கடுக்காக நிறுத்தியிருந்த துப்பாக்கிகள் அவர் மனைவிக்கு மாதாகோயில் ஆர்கன் வாத்தியத்தின் குழல்களைப்போலத் தெரிந்தன. மரணம் இதை வாசித்தால் எப்படிப்பட்ட இசை எழும் என்று எண்ணிப் பார்த்து, அமைதியை வேண்டும் கவிதை ஒன்று எழுதும்படி கணவரைக் கேட்டுக்கொண்டார். ஆயுதசாலையின் பெயரிலேயே அந்தக் கவிதை வெளிவந்தது. கைவினையைப் பாராட்டும்போது, அந்தக் கைவினையால் செய்யப்பட்ட பொருள் எதற்குப் பயன்பட்டது என்பதை மறந்துவிட முடியாது. அந்தப் பெண்மணி அதை மறக்கவில்லை.

கடல் கடந்த இயந்திரம்

இங்கிலாந்தில் அப்போதும் பழைய முறைதான். பர்மிங்காமிலும் லண்டனிலும் குழல் செய்பவர் ஒருவர், பொறி அராவுபவர் ஒருவர், கட்டை செதுக்குபவர் ஒருவர் என்று சிறுசிறு பட்டறைகள். அரசு உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிச் சேர்க்கும். ஓரிடத்தில் தாமதமானால் எல்லாம் நிற்கும். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் வெர்மான்ட் மாநிலத்து ராபின்ஸ் அண்டு லாரன்ஸ் நிறுவனம் ஆறு ரைஃபிள்களை வைத்திருந்தது. ஒன்றின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றில் மாட்டலாம் என்று காட்டினார்கள். ஆங்கிலேயர் மலைத்துப் போனார்கள். 1854இல் ஒரு குழு அமெரிக்கா போய் இயந்திரங்கள் வாங்கியது. கட்டை செய்யும் இயந்திரங்கள் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பக்கத்து ஊரான சிக்கோப்பியின் ஏம்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தவை. எல்லாம் பிளாஞ்சார்டு போட்ட வழி. லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு ஆலையில் அவை பொருத்தப்பட்டன. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் பழகிய ஜேம்ஸ் பர்ட்டன் என்ற அமெரிக்கரே அங்கே பொறியாளராக வந்தார்.

என்ஃபீல்டு என்ற பெயர் நம்மவர்களுக்கு அறிமுகமானதுதான். 1857இல் வட இந்தியச் சிப்பாய்கள் கொழுப்புத் தடவிய தோட்டாவைக் கடிக்க மறுத்தார்களே, அந்தத் தோட்டா 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளுக்கு உரியது.

போரை விட்டுப் பார்த்தால், பிளாஞ்சார்டின் இயந்திரம் நாட்டுக்கு நல்லதும் செய்தது. கோடரிக் காம்பு, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால், செருப்பு தைக்க உதவும் கால்வடிவ அச்சுக்கட்டை எல்லாம் அதே முறையில் வந்தன. இடது காலுக்கு ஓர் அச்சு, வலது காலுக்கு ஓர் அச்சு, அளவுக்கு ஓர் அச்சு என்று மலிவாகச் செய்ய முடிந்தது அதனால்தான். காப்புரிமையை நீட்டிக்க அவர் செய்த தந்திரம் சுவையானது. நாடாளுமன்றப் பெரும்புள்ளிகளான வெப்ஸ்டர், கிளே, கால்ஹூன் ஆகியோரின் தலைச் சிலைகளைத் தம் இயந்திரத்தில் கடைந்து அங்கே காட்சிக்கு வைத்தார். 1848இல் நீட்டிப்பும் கிடைத்தது. நாடாளுமன்றத்தின் தலையையே கடைந்துவிட்டார் என்று ரூஃபஸ் சோட் என்ற வழக்கறிஞர் கேலி செய்ததாகச் சொல்வார்கள்.

அதிபர் கேட்ட கட்டை

இத்தோடு கைவேலை முடிந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? அங்கேதான் திருப்பம்.

1903இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலை புதிய படைத்துறை ரைஃபிள் ஒன்றைக் கொண்டுவந்தது. எல்லாச் சிப்பாய்களுக்கும் ஒரே கட்டை. அப்போது அமெரிக்க அதிபராக இருந்தவர் தியோடர் ரூஸ்வெல்ட். பெரிய வேட்டைக்காரர், கண்பார்வை மிகவும் குறைந்தவர், மூக்குக் கண்ணாடி இல்லாமல் நடமாட முடியாதவர். ரைஃபிள் அவருக்குப் பிடித்திருந்தது. கட்டை பிடிக்கவில்லை. அவர் என்ன செய்தார்? தமக்குப் பொருத்தமாக இருந்த தம் பழைய வின்செஸ்டர் துப்பாக்கியை மாதிரிக்கு அனுப்பி, அதைப்போல ஒரு கட்டை போட்டுத் தரும்படி படைத்துறைக்குச் சொல்லி அனுப்பினார். ஒரு காலத்தில் தச்சர்களின் உளிகளை ஓய வைத்த அதே ஸ்பிரிங்ஃபீல்டு, ஒரே ஒரு மனிதரின் தோளுக்கும் கன்னத்துக்கும் என்று தனியாக ஒரு கட்டை செய்து கொடுத்தது. 1909இல் அந்த ரைஃபிளோடு அவர் ஆப்பிரிக்கா போனார். அடுத்த ஆண்டு வெளியிட்ட பயண நூலில், தமக்கு ஏற்றபடி கட்டையும் குறியும் அமைந்த துப்பாக்கி என்று அதைக் குறிப்பிட்டார்.

அதிபர் கேட்டால் செய்ய மாட்டார்களா என்று சிரிக்கலாம். ஆனால் அவர் மட்டும் கேட்கவில்லை. அதே ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளை வாங்கி, படைக் கட்டையைக் கழற்றிவிட்டு, தனக்கென ஒரு வால்நட் கட்டை போட்டுக்கொள்ளும் வழக்கம் அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே பரவியது. லாஸ் ஏஞ்சலிசில் இருந்த லுட்விக் வுன்ட்ஹாமர் என்ற கைவினைஞர், உள்ளங்கை நிறையும்படி பிடியில் மெல்லிய ஒரு புடைப்பு வைத்தார். இன்றும் கட்டை செய்பவர்கள் அதை வுன்ட்ஹாமர் புடைப்பு என்றே சொல்கிறார்கள். லண்டனில் 1814இல் தொடங்கிய பர்டி, 1835இல் தொடங்கிய ஹாலண்டு அண்டு ஹாலண்டு போன்ற கடைகள் கையால் கட்டை பொருத்துவதை விட்டதே இல்லை. விலை வீட்டு விலைக்கு நிகர். அது வேறு விஷயம்.

படைகளும்கூட ஓரளவு இதை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு உலகப் போர்களிலும் ஆங்கிலேயப் படை தூக்கிய லீ என்ஃபீல்டு ரைஃபிளின் பின்கட்டை ஒரே நீளத்தில் வரவில்லை. மிகக் குட்டை, குட்டை, சாதாரணம், நீளம் என நான்கு அளவுகளில் வந்தது. ஆளின் கை நீளத்தைப் பார்த்து மாற்றிப் பொருத்தினார்கள். மலாயாவில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் காட்டுக்குள் போன படையினர் வைத்திருந்த ஜங்கிள் கார்பைன் இந்த லீ என்ஃபீல்டின் குட்டை வடிவம்தான்.

மரத்துக்குக் கடைசி அடி கொடுத்தது கடைசல் இயந்திரம் அல்ல, ஈரம். வெப்பமண்டலக் காட்டில் மழையும் வியர்வையும் பட்டு மரம் ஊதும், குழலை நெருக்கும், குறி மாறும். வியட்நாமில் எம்14 ரைஃபிளின் மரக்கட்டை அப்படித்தான் தொல்லை கொடுத்தது. கண்ணாடியிழைக் கட்டை வந்தது. அதன்பின் எம்16இல் தொடக்கத்திலிருந்தே பிளாஸ்டிக். பிளாஸ்டிக்குக்கு இழையும் இல்லை, ரேகையும் இல்லை. அச்சில் ஊற்றினால் முடிந்தது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலை 1968இல் மூடப்பட்டு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. பிளாஞ்சார்டின் கடைசல் இயந்திரத்தை அங்கே காணலாம்.

சவால் விட்ட அந்தத் தச்சரின் தொழில் என்ன ஆயிற்று? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிறு எண்ணிக்கையில் இருக்கிறார்கள். வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் 1700களின் முறையிலேயே துப்பாக்கி செய்யும் பட்டறையும் உண்டு. மற்றவர்களில் பலர், வேடிக்கை என்னவென்றால், பிளாஞ்சார்டு வழிவந்த நகல் இயந்திரத்தையே வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். வாடிக்கையாளரை நிறுத்தி அளவெடுத்து, மாதிரிக் கட்டை ஒன்றைக் கையால் செதுக்குகிறார்கள். நகல் இயந்திரம் அதைத் தடவி, விலையுயர்ந்த துருக்கி வால்நட் பலகையில் முரட்டு வேலையை எல்லாம் முடித்துத் தருகிறது. ஆனால் முழுதாக வெட்டவிடுவதில்லை. இரும்பு உட்காரும் இடத்தில் மெல்லிய ஓர் ஏடு அளவுக்கு மரத்தை மிச்சம் விடச் சொல்கிறார்கள். பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, விளக்குப் புகைக்கரியைக் குழைத்து இரும்பில் பூசி, மரத்தில் அழுத்தி எடுத்து, கறுப்புப் புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார்கள்.